யான்செங் கரையில் ஸ்பார்ட்டினா புல்லை வரைபடமாக்குவது எப்படி?

சீனாவின் சியாங்சு மாகாணத்தில் மஞ்சள் கடலை ஒட்டியுள்ள யான்செங் கரையின் சேற்றுவெளிகள், வலசை வரும் உள்ளான்களின் இரைக்களமாக விளங்குவதால் 2019-இல் உலக மரபுக் களமாக அறிவிக்கப்பட்டன. அமெரிக்காவிலிருந்து 1979-இல் அந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, கரை அரிப்பைத் தடுப்பதற்காக நடப்பட்ட ஸ்பார்ட்டினா ஆல்டர்னிஃபுளோரா என்னும் புல், அந்தச் சேற்றுவெளிகளையே மூடிப் பரவியது. கட்டணமின்றிக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களையும் க்யூஜிஐஎஸ் (QGIS) என்னும் வரைபட மென்பொருளையும் கொண்டு இப்புல்லை வரைபடமாக்கும் முறையைக் காண்போம்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுத்தல்

மென்பொருளைக் கற்பதைவிட இதுவே முக்கியம் என்பது என் கருத்து. கடலிலிருந்து கரை நோக்கி வந்தால் வெறும் சேறு, ஸ்பார்ட்டினா, உமரி, நாணல் என்று பட்டை பட்டையாக நிலம் மாறுகிறது. (நம் உப்பளங்களின் ஓரத்தில் வளரும் உமரிக்கு உறவான செடியே அது.) கோடையில் எடுத்த படத்தில் ஸ்பார்ட்டினாவும் நாணலும் ஒரே பச்சையாகத் தெரிவதால் அவற்றைப் பிரித்தறிவது கடினம். இலையுதிர் காலத்தின் பிற்பகுதியிலோ நாணல் பழுத்து மஞ்சளாகிவிடும், உமரி சிவந்துவிடும், ஸ்பார்ட்டினாவில் மட்டும் பச்சை இன்னும் எஞ்சியிருக்கும். ஆகவே மேகமில்லாத அக்காலப் படம் ஒன்றையும், ஸ்பார்ட்டினாவுக்கு முன்பே நாணல் துளிர்த்துவிடும் வசந்த காலப் படம் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓத அட்டவணையைப் பார்த்து, படம் எடுக்கப்பட்ட முற்பகல் வேளையில் நீர் வற்றியிருந்ததா என்று உறுதிசெய்வதும் அவசியம். ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடுவதால், ஓதம் ஏறிய நேரத்தில் எடுத்த படத்தில் கடலோரப் புல் இல்லாததுபோலத் தோன்றும்.

படி 2: தாவரக் குறியீட்டைக் கணக்கிடுதல்

வளிமண்டலத் திருத்தம் செய்யப்பட்ட எல்2ஏ (L2A) கோப்பில் ஒவ்வொரு வகை ஒளியும் தனித்தனிப் பட்டையாகப் பதிவாகியிருக்கும்; 8-ஆம் பட்டை அண்மை அகச்சிவப்பு, 4-ஆம் பட்டை சிவப்பு. இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால், பசுமையின் செழிப்பைக் காட்டும் தாவரக் குறியீடு கிடைக்கும். புதியவர்கள் இடறுவது இங்கேதான். 2022 சனவரி 25 முதல் வெளிவரும் மூலக் கோப்புகளில் ஒவ்வொரு மதிப்புடனும் 1000 கூட்டப்பட்டிருப்பதால், அதை முதலில் கழித்தாக வேண்டும். கோப்பில் 4000, 1500 என்று இருந்தால் உண்மையான மதிப்புகள் 3000, 500 ஆகும், குறியீடு 0.71. கழிக்க மறந்தால் அது 0.45 ஆகிவிடும், செழித்த புல்லும் வாடியதாகத் தெரியும்.

படி 3: வகைப்படுத்துதல்

இரு நாட்களின் குறியீடுகளையும் மூலப் பட்டைகளையும் ஒரே அடுக்காக்கி, ஸ்பார்ட்டினா, நாணல், உமரி, சேறு, நீர் ஆகிய ஐந்துக்கும் மாதிரிப் பரப்புகளை வரைந்து, வகைப்படுத்தும் செருகுநிரலை இயக்குங்கள்.

படி 4: சரிபார்த்தலும் பரப்பளவும்

மாதிரியாகக் கொடுத்த இடங்களையே சரிபார்க்கவும் பயன்படுத்தினால் முடிவு பொய்யான நம்பிக்கையைத் தரும். ஆகவே வேறு புள்ளிகளைச் சீரற்ற முறையில் தேர்ந்து, நுண்தெளிவுப் படத்தோடு ஒப்பிடுங்கள். பரப்பளவைக் காண வரைபடம், மீட்டரில் அளக்கும் யுடிஎம் (UTM) 51 வடக்கு ஆயமுறையில் இருக்க வேண்டும். ஒரு படப்புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்பதால், 100 புள்ளிகள் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். கடலை நோக்கிய விளிம்பில் வட்டமாக முளைத்துப் பின்னர் ஒன்றோடொன்று இணையும் இளம் புதர்கள் இந்த அளவைவிடச் சிறியவையாக இருந்தால் தப்பிவிடும். அவற்றை நுண்தெளிவுப் படத்தைப் பார்த்துக் கையாலேயே வரைந்து சேர்க்க வேண்டும்.