வேறு அணிக்கு ஆடப் போகும் பிள்ளைக்கு

"ஞாயிற்றுக்கிழமை கோவையில் சாஃப்ட்பால் போட்டி. எங்கள் கேட்சருக்குக் கையில் அடி. உங்கள் மகளைக் கெஸ்ட் பிளேயராக அனுப்புவீர்களா?" என்று வியாழன் இரவு கேட்டால், கோத்தகிரியில் இருக்கும் எந்தத் தாய்க்கும் பெருமையாகத்தான் இருக்கும். பேட் பிடிப்பவருக்குப் பின்னால் குந்தி, வீசும் பந்தைப் பிடிப்பவர்தான் கேட்சர். உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லிவிட்டேன். மகளின் பயிற்சியாளருக்கு அது வேறு யார் மூலமாகவோ தெரிந்தது. இரண்டு வாரம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒன்பது வயதில் அவள் கையில் கிளவுஸ் மாட்டிவிட்டவர் அவர். முதலில் கேட்க வேண்டியது அவரிடம்தான்.

அடுத்து, வெளி அணிப் பிள்ளையைச் சேர்க்க விதியில் இடமுண்டா, பட்டியலில் எப்போதுக்குள் பெயர் ஏற வேண்டும் என்று போட்டி நடத்துபவர்களிடமே கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அழைத்தவர்கள் சொன்னால் நம்பிப் போகாதீர்கள். வேறு பெயரில் ஆடச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பஸ், சாப்பாட்டுச் செலவு யாருடையது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

முதல் நாள் மாலையே மலையிறங்குவது நல்லது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்த பிள்ளையால் வெயிலில் கவசம் மாட்டிக் குந்தி உட்கார முடியாது. காற்றும் வேறு. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்று லேசு, பந்து தூரம் போகும். கீழே காற்று அடர்த்தி. தூக்கி அடித்த பந்து முன்னாலேயே விழும், சுழற்றி வீசிய பந்து கூடுதலாக வளையும். எனவே ஒரு மணி நேரம் முன்பே போய்ப் பந்து வீசும் புதிய பிட்சரிடம் முப்பது பந்தாவது பிடித்துப் பழக வேண்டும். அன்று வேலியோரத்தில், அந்தப் பெண் வீசிய, கிட்டே வந்ததும் சட்டென்று கீழிறங்கும் டிராப் பந்து நான்கு முறை கிளவுஸுக்கு அடியில் புகுந்து என் மகளின் முழங்கால் காப்பில் மோதியது. ஐந்தாவதற்குக் கிளவுஸைத் தரையில் ஊன்றியே காத்திருந்தாள். பிறகு, எந்தப் பந்தை வீசுவது என்று கேட்சர் பிட்சருக்குக் காட்டும் விரல் சைகைகளை ஒப்பிட்டார்கள். அவர்களுக்கு இரண்டு விரல் என்றால் மெதுவான பந்து. எங்களுக்கு அது டிராப். போன இடத்துச் சைகைக்குத்தான் நம் பிள்ளை மாற வேண்டும்.

எனக்கு உறுத்தியது வேறு. அந்த அணியில் கேட்சிங் கற்றுக்கொண்டிருந்த ஒரு சிறுமி பெஞ்சில் இருந்தாள். நாம் போய் உட்காருவது அவள் இடத்தில். சாஃப்ட்பாலில் தொடக்கத்தில் இறங்கியவர் வெளியே வந்தாலும், பேட்டிங் வரிசையில் தன் பழைய இடத்துக்கே ஒரு முறை திரும்பி வரலாம். அதைச் சொல்லி, ஆட்டத்தின் ஏழு இன்னிங்ஸில் இரண்டையாவது அந்தச் சிறுமிக்குக் கொடுக்கும்படி அவர்கள் பயிற்சியாளரிடம் கேளுங்கள். நான் கேட்டேன், கொடுத்தார். அவள் இறங்கியபோது நெஞ்சுக்கவசத்தின் வாரை முதுகுப்பக்கம் இழுத்துக் கட்டிவிட்டது என் மகள்தான்.

வீடு திரும்பிய இரவே உங்கள் பயிற்சியாளரிடம் எத்தனை இன்னிங்ஸ் ஆடினாள், எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுங்கள். கட்டைவிரல் வீங்கியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.