ஒன்ராறியோவில் இலவச வேலை தேடல் உதவி: முதல் சந்திப்புக்கு முன்பே செய்ய வேண்டியவை

கனடாவுக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் பலர், அரசு செலவில் நடக்கும் வேலைவாய்ப்பு மையத்துக்கு ஒரு தடவை போய்விட்டு, "ரெஸ்யூமேயைத் திருத்தித் தந்தார்கள், அவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த மையங்களால் இன்னும் எவ்வளவோ செய்ய முடியும். ஆனால் நாம் என்ன வேலை தேடுகிறோம் என்பதை நாம்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் கணக்குத் துறையிலிருந்து வந்தவள், இந்த வழியில்தான் என் துறைக்குள் நுழைந்தேன். அதனால் உதாரணங்களும் அந்தத் துறையிலிருந்தே வரும். சின் நம்பர் (சமூகக் காப்புறுதி எண்), வங்கிக் கணக்கு எல்லாம் எடுத்தாயிற்று என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. எந்த மையம் உங்களுக்கு?

பணம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. மத்திய அரசின் குடிவரவுத் துறை பணம் கொடுக்கும் குடியேறியோர் சேவைகள் பிஆர் (நிரந்தர வதிவிடம்) உள்ளவர்களுக்கும், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் உரியவை. குடியுரிமை எடுத்துவிட்டால் அவை கிடைக்காது. மாகாண அரசின் சேவைக்குப் பெயர் எம்ப்ளாய்மென்ட் ஒன்ராறியோ. அங்கே குடியுரிமை பெற்றவர்களும் போகலாம். இரண்டையும் ஒரே கட்டடத்தில், ஒரே நிறுவனமே நடத்துவதும் உண்டு. அதனால் ஒன்றில் "உங்களுக்குத் தகுதி இல்லை" என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். "எந்தத் திட்டத்துக்குத் தகுதி இல்லை? வேறு எந்தத் திட்டம் இருக்கிறது?" என்று கேளுங்கள்.

வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு, அதாவது சின் நம்பர் 9-இல் தொடங்குபவர்களுக்கு, சில உதவிகள் கிடைக்காமல் போகலாம். நேரில் அலைவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். எங்கே கேட்பது என்றே தெரியாவிட்டால் 211-ஐ அழையுங்கள். எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லும் தொலைபேசிச் சேவை அது, இலவசம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் சொல்லலாம்.

2. வேலைக் குறியீடு: இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்

முதல் சந்திப்பில் ஆலோசகர் கேட்பார்: "என்ன வேலை தேடுகிறீர்கள்?" நம் ஆட்களின் பதில் பெரும்பாலும் "எந்த வேலையானாலும் சரி." பணிவாகத்தான் சொல்கிறோம். ஆனால் படிவத்தில் அப்படியே ஏறிவிடும். அப்புறம் வருவதெல்லாம் கிடங்கு வேலையும் இரவு ஷிஃப்டும்தான். அந்த வேலைகளில் குறைவு ஒன்றும் இல்லை, வாடகை கட்டியாக வேண்டும். ஆனாலும் உங்கள் துறை அந்தப் படிவத்தில் இல்லாவிட்டால், உங்கள் துறைக்கு ஆள் தேடி ஒரு முதலாளி மையத்தை அழைக்கும்போது உங்கள் பெயர் யாருக்கும் நினைவுக்கு வராது.

எனவே போகும் முன்பே உங்கள் என்ஓசி (தேசியத் தொழில் வகைப்பாடு) குறியீட்டைக் கண்டுபிடியுங்கள். கனடாவில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்க எண் இருக்கிறது. என் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்காளர், தணிக்கையாளர் என்றால் 11100. கணக்கெழுதுபவர், கணக்குத் தொழில்நுட்பர் என்றால் 12200. கணக்கு எழுத்தர் என்றால் 14200. ஊரில் பத்து வருடம் கணக்குப் பார்த்த ஒருவர் இந்த மூன்றில் எதற்கும் போகலாம். இரண்டாவது இலக்கம்தான் அந்த வேலைக்கு எவ்வளவு படிப்பும் பயிற்சியும் எதிர்பார்க்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது: 1 என்றால் பொதுவாகப் பல்கலைக்கழகப் பட்டம், 4 என்றால் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு அல்லது சில வாரப் பயிற்சி.

இதைப் பார்க்க மத்திய அரசின் ஜாப் பேங்க் தளம் போதும். லிங்க்ட்இன் ஆட்களைத் தெரிந்துகொள்ள நல்லதுதான், ஆனால் ஒரு வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஜாப் பேங்கையே பரிந்துரைப்பேன். ஒரே குறியீட்டுக்கு ரொறன்ரோவில் என்ன சம்பளம், விண்ட்சரில் என்ன சம்பளம் என்று பிரித்துக் காட்டும். இரண்டு குறியீடுகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: ஒன்று இப்போதே நுழையக்கூடியது, இன்னொன்று இரண்டு வருடத்தில் போய்ச் சேர வேண்டியது. நான் எழுதிப் போனது 14200-உம் 12200-உம். "இதிலிருந்து அதற்குப் போக எனக்கு என்ன குறைகிறது?" என்று கேட்டதும் பேச்சு வேறு மாதிரிப் போனது. பயிற்சி வகுப்பு, மென்பொருள், ஆங்கிலத் தேர்வு என்று பட்டியலே வந்துவிட்டது.

3. ரெஸ்யூமே

புகைப்படம், பிறந்த தேதி, மதம், திருமணமானவரா என்ற விபரம் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கம் போதும். வேர்டில் சாதாரணமாக அடியுங்கள். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த வண்ண வார்ப்புருக்கள் எனக்குப் பிடிக்காது, நிறுவனங்களின் மென்பொருள் அவற்றைக் குழப்பிப் படித்துவிடும்.

ஒரு வரியை மட்டும் காட்டுகிறேன். "கணக்குப் பிரிவில் பொறுப்பான பதவி வகித்தேன்" என்பதை இங்கே யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். "மாதம் 300 விலைப்பட்டியல்களை (இன்வாய்ஸ்) சரிபார்த்து, குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருளில் பதிந்து, மாத முடிவில் வங்கிக் கணக்குடன் ஒப்பிட்டேன்" என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். எண்ணிக்கை உங்களுடைய உண்மையான எண்ணிக்கையாக இருக்கட்டும், நேர்முகத்தில் கேட்பார்கள்.

4. சந்திப்பில்

அடையாள அட்டை, குடிவரவு ஆவணம், சின், ரெஸ்யூமே, குறியீடுகளை எழுதிய அந்தத் தாள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தமிழ் பேசும் ஆலோசகர் கிடைத்தால் முதல் சந்திப்பைத் தமிழிலேயே பேசுங்கள், விடயம் முழுதாக வெளியே வரும். ஆனால் நேர்முகப் பயிற்சியைத் தமிழ் தெரியாத ஒருவரோடு செய்யுங்கள். தமிழர் என்றால் நாம் பாதியில் விடுவதை அவரே மனதுக்குள் நிரப்பிக்கொள்வார்.

கேட்க வேண்டியவை: என்னை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுக்கும் வசதி இருக்கிறதா? என் துறைக்கு இணைப்புப் பயிற்சி (வெளிநாட்டில் படித்தவர்களை இங்குள்ள வேலைக்குத் தயார்படுத்தும் பிரிட்ஜிங் வகுப்பு) இருக்கிறதா? வழிகாட்டி ஒருவரோடு சேர்த்துவிடுவீர்களா? ரொறன்ரோ பகுதியில், குடியேறியோர் தங்கள் துறையில் வேலை பெற உதவும் டிரையெக் அமைப்பின் வழிகாட்டித் திட்டம் 2004-இலிருந்து நடக்கிறது, அதைப் பெயர் சொல்லியே கேளுங்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

தாதியாக இருந்த தங்கை ஒருவர், "குடிவரவுக்காக டபிள்யூஇஎஸ் (வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் அமைப்பு) மதிப்பீடு எடுத்தேனே, அதுவே போதாதா?" என்று கேட்டிருந்தார். போதாதம்மா. அது உங்கள் படிப்பு இங்கே எதற்குச் சமம் என்று மட்டும்தான் சொல்லும். தாதி, பொறியியலாளர், ஆசிரியர் போன்ற தொழில்களுக்கு அந்தந்த ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் தனி. அதற்கு விண்ணப்பித்துவிட்டு, காத்திருக்கும் காலத்தில் பக்கத்துத் துறையில் என்ன செய்யலாம் என்று ஆலோசகரிடம் கேளுங்கள்.

"கனடிய அனுபவம் இல்லை என்கிறார்களே" என்று பலர் கேட்டார்கள். ஒன்ராறியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், பொதுவில் போடும் விளம்பரத்தில் கனடிய அனுபவத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது. 2026 ஜனவரி 1 முதல் இதுதான் சட்டம். விளம்பரத்தில் அப்படி இருந்தால் படம் பிடித்து ஆலோசகரிடம் காட்டுங்கள்.

வேலை எடுத்துத் தருகிறேன், பணம் கட்டு என்று ஒரு முகவர் கேட்டதாகவும் ஒருவர் எழுதியிருந்தார். கொடுக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இங்கே தற்காலிக வேலை முகவர்களும் ஆள்சேர்ப்பவர்களும் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியலை மாகாணத் தொழில் அமைச்சின் தளத்தில் பெயர் போட்டுத் தேடிப் பார்க்கலாம்.