பாறைக்கு முன்னால் பிடிக்க வேண்டிய பிரேக்: டெர்பியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மெல்பர்னிலிருந்து நம் பசங்க ஆறு பேரோடு டாஸ்மேனியாவின் டெர்பிக்கு மவுண்டன் பைக் ஓட்டப் போயிருந்தேன். ஐந்து பேருக்கு அந்த ஊர் புதிது. 2018இல் நான் என்னென்ன செய்து அடிபட்டேனோ, அதையெல்லாம் முதல் நாள் மதியத்துக்குள் அவர்களும் செய்து முடித்துவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஹெல்மெட், முழங்கால் காப்பு, தண்ணீர் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறங்குவது

டெர்பி ஒரு காலத்தில் வெள்ளீயம் எடுத்த ஊர். 1876இல் மெல்பர்ன் கோப்பையை வென்ற பிரிசேயிஸ் என்ற குதிரையின் பெயரைத்தான் அங்கிருந்த பெரிய சுரங்கத்துக்கு வைத்திருந்தார்கள். மலைச்சரிவில் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, மண்ணைக் கரைத்து, கனமான வெள்ளீயத் தாதுவைப் பிரித்தெடுப்பார்கள். அந்த வேலைக்குத் தண்ணீர் தேக்கிய அணை 1929 ஏப்ரல் 4ஆம் தேதி பெருமழையில் உடைந்து 14 பேரைக் கொண்டுபோனது. சுரங்கம் ஓய்ந்தபின் ஊரும் ஓய்ந்தது. 2015இல் சைக்கிள் பாதைகள் திறந்தபிறகுதான் மறுபடி உயிர் வந்தது. 2017இலும் 2019இலும் இறக்கங்களில் மட்டும் நேரம் கணக்கிடும் மவுண்டன் பைக் போட்டியான உலக எண்டியூரோ தொடரின் பந்தயமே அங்கே நடந்தது.

இதில் ஓட்டுகிறவர் கவனிக்க வேண்டியது மண். அங்கே இருப்பது கிரானைட் பாறை. கிரானைட் சிதைந்தால் படிகக்கல் மணல்தான் மிஞ்சும். காய்ந்த கிரானைட் தட்டு உப்புத்தாள் மாதிரி டயரைப் பிடிக்கும். அதே தட்டின்மேல் ஒரு கைப்பிடி மணல் சிதறிக் கிடந்தால், கடுகு கொட்டிய தரையில் கால் வைத்த கதைதான்.

பாறையின்மேல் பிரேக் பிடிப்பது

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

டெட்டனேட் என்று ஒரு பாதை. 2017 பந்தயத் தொடரில் அந்த ஆண்டின் சிறந்த பாதை என்று பெயர் வாங்கியது. பெரிய பெரிய கிரானைட் குண்டுக்கற்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும். அதன் ஒரு பாறைத்தட்டின் விளிம்பில் எனக்கு முன்னால் போன தம்பி ஒரு கணம் தயங்கினான். பின்னால் இருந்த எனக்கு அவன் கைதான் தெரிந்தது: ஒரு விரல் இருக்க வேண்டிய லீவரில் இரண்டு விரல், இரண்டும் வெளுத்துப்போகுமளவு இறுக்கம். முன்சக்கரம் பூட்டிக்கொண்டது. ‘கிர்ர்’ என்று மணல் அரைபட்டது. அவ்வளவுதான், சைக்கிள் அப்படியே பக்கவாட்டில் போய்விட்டது. எழுந்து உட்கார்ந்ததும் சொன்னான்: “அண்ணா, நல்லா பிரேக் புடிச்சிட்டுதாண்ணா வந்தேன், அப்பவும் விழுந்துட்டேன்.”

“புடிச்சதாலதான்டா விழுந்தே.”

டயருக்கு இருக்கிற பிடிமானம் ஒரு அளவுதான். வேகத்தைக் குறைக்க அதையெல்லாம் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. பூட்டிய சக்கரம் திசைக்குக் கட்டுப்படாது. வழியில் ஒரு படி மாதிரி கல் இருந்தால் உருண்டு ஏறாமல் முட்டி நிற்கும், நீங்கள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போவீர்கள். நான் அப்படித்தான் போனேன். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

கூட்டாளிகள் மேலே நின்று “பிரேக்க விடு, பிரேக்க விடு!” என்று கத்துவார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். பாதி யோசனை சொல்வதும் ஆபத்து. வேகத்தோடு விளிம்புக்கு வந்துவிட்டவன் அங்கே பிரேக்கை விட்டால் வேறு விதமாக விழுவான். வேகத்தை முடிவு செய்யும் இடம் பாறைக்கு முன்னாலேயே இருக்கிறது. டெர்பியில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: பெரணி மரங்களின் நிழலில் மண் கறுத்து, ஈரமாக, இறுகி இருக்கும். அந்த மண் டயரை விடாது. பிரேக்கை அங்கே பிடித்து, நடை வேகத்துக்கு வந்துவிடுங்கள். தட்டின்மேல் ஏறியதும் விரலைத் தளர்த்துங்கள். நீளமான செங்குத்துத் தட்டாக இருந்தால் மெல்லிய, ஒரே சீரான அழுத்தம் இருக்கலாம், வெடுக்கென்று மட்டும் பிடிக்கக் கூடாது. குதிகாலைத் தாழ்த்தி, எடையை மிதிகட்டையில் வையுங்கள். கண் பாறை முடியும் இடத்தில் இருக்கட்டும். மறுபடி மண்ணைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளலாம்.

இதற்கு முதலில் இறங்கிப் பார்க்க வேண்டும். சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, நடந்து, ஷூவின் அடிப்பாகத்தால் மணலைத் தேய்த்துப் பாருங்கள். மறுநாள் காலை அந்தத் தம்பி அப்படித்தான் செய்தான். மூன்று முறை ஏறி இறங்கி, ஒரு பெரணி மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு வந்தான். சத்தமே இல்லாமல் இறங்கினான்.

இடுக்கில் பாறையைப் பார்ப்பது

ஹேண்டில்பார் அகலம் 800 மில்லிமீட்டர் இருக்கும். இடைவெளியைப் பாருங்கள், பாறையைப் பார்த்தால் பாறையில்தான் போய் இடிப்பீர்கள்.

பழைய சுரங்க வாய்க்குள் எட்டிப் பார்ப்பது

வேண்டாம். உள்ளே மரத்தாங்கிகள் உளுத்திருக்கும், காற்றும் கெட்டிருக்கலாம்.

“கடைசியா ஒரே ஒரு ரவுண்டு”

மேலே கொண்டுபோய் விட வண்டி இருக்கிறது. மிதித்து ஏறும் களைப்பு இல்லாததால் எத்தனை முறை இறங்கினோம் என்ற கணக்கே மறந்துவிடும். கால் நன்றாகத்தான் இருக்கும், முன்கைதான் முதலில் செத்துப்போகும். பாட்டில் மூடியைத் திருகிப் பாருங்கள். விரல் நடுங்கினால் அன்றைக்கு லீவரும் உங்கள் பேச்சைக் கேட்காது. பெரிய ஆஸ்பத்திரி லான்செஸ்டனில்தான், மலைவழியில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். என் மணிக்கட்டு உடைந்தது அன்றைய ஆறாவது இறக்கத்தில். ஐந்தாவதிலேயே மூடியைத் திறக்க முடியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துத் திறந்து வாங்கினேன்.