ஒரு சம்பளம், சின்னக் குழந்தைகள்: வீட்டில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வீட்டுல சும்மாதானே இருக்க" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அடுத்த மாதமே வீட்டில் இரண்டு வேலை ஆரம்பமாகிவிடும். ஒன்று, மளிகைச் செலவில் ஆயிரம் ரூபாயாவது மிச்சம் பிடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்புவது. இன்னொன்று, இரண்டரை வயதுப் பிள்ளைக்கு ஏபிசிடி, 1 முதல் 50, மாதங்களின் பெயர், நாடுகளின் தலைநகரம் எல்லாம் மனப்பாடம் செய்ய வைத்து, வருகிறவர் போகிறவர் முன்னால் ஒப்பிக்கச் சொல்வது. வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு வீட்டில் இருக்கும் அம்மாக்கள் (இப்போது அங்கங்கே அப்பாக்களும்) செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த நிரூபித்துக் காட்டும் ஆசையில்தான் தொடங்குகின்றன என்பது என் கணிப்பு. நான் இங்கே எழுதுவது தமிழ்நாட்டில் ஒரு சம்பளத்தில் ஓடும் வீட்டை, ஐந்து வயதுக்குள் ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் உள்ள வீட்டை மனதில் வைத்துத்தான்.

முதலில் மளிகை. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று ஐந்து கிலோ ரவை, மூன்று கிலோ கடலை மாவு, பத்து கிலோ கோதுமை மாவு என்று இறக்கி வைக்கிறோம். ஐப்பசி அடைமழையில் வண்டு விழுந்ததும் சலித்து, வறுத்து, கடைசியில் பாதியைக் குப்பையில் கொட்டுகிறோம். உடைத்தது, அரைத்தது எல்லாம் சீக்கிரம் கெடும், அதை மாதாமாதம் வாங்குவதே மிச்சம். சேர்த்து வாங்க வேண்டியது முழுசாக இருக்கும் பொருளை, அதுவும் அது விளைந்து வரும் காலத்தில். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வாங்கி, வெயிலில் காயவைத்து, கொட்டை எடுத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அமுக்கி வைத்தால் வருஷம் முழுக்க நிற்கும். (அந்தப் புளியங்கொட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.)

ரேஷன் கடையை ஒதுக்குவது இன்னொரு தவறு. அரிசி அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. அட்டை கையில் இருந்தும் "அந்தப் பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று போகாமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டுக் குக்கரில் வைத்தால் அதுவும் வேகும், கேஸும் குறையும். உங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதை வாங்காமல் விட்டுவிட்டு, சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி தேடுவதில் என்ன சிக்கனம் இருக்கிறது?

அப்புறம் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வது. இட்லி மாவு, சாம்பார் பொடி, தயிர் இதெல்லாம் சரி, கை பழகிவிட்டால் நேரமும் பெரிதாகப் போகாது, பாக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு அப்படியே நிற்கும். ஆனால் சோப்பு, தரை துடைக்கும் திரவம், ஊறுகாயில் ஆறு வகை, பிஸ்கட், கெட்சப் என்று வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாவற்றிலும் இறங்கினால், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அடுப்படியில் நின்று, ஐம்பது ரூபாய் மிச்சம் பிடித்து, சாயங்காலம் உடம்பு முடியாமல் ஹோட்டலில் முந்நூறு ரூபாய்க்கு ஆர்டர் போடுவதில்தான் போய் முடியும். உங்கள் களைப்புக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காத எந்தச் சிக்கனமும் மாதக் கடைசியில் உதைக்கும்.

கரண்ட் பில்லில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு மாதக் கணக்கில் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் உயர்ந்த கட்டணத்துக்குப் போய்விடும். 498க்கும் 505க்கும் நடுவில் ஏழு யூனிட்தான், பில்லில் நூற்றுக்கணக்கில் தெரியும். ஏசி போடும் மாதங்களில் ரீடிங் எடுக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்னால் மீட்டரை ஒருமுறை எட்டிப் பாருங்கள், தினமும் ஃபேனை அணை, லைட்டை அணை என்று வீட்டில் சண்டை போடுவதைவிட அது பலன் தரும்.

சாப்பாட்டு விஷயத்தில் சிக்கனமும் பயமும் சேர்ந்து குழப்பும். பிள்ளை ஒல்லியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே பாலில் கலக்கும் மாவு டப்பா வீட்டுக்கு வந்துவிடும். அதில் பலவற்றில் சர்க்கரைதான் தாராளம். 'ஹெல்த் டிரிங்க்' என்ற பானத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறையே கிடையாது, அதனால் அந்தத் தலைப்பின் கீழ் இவற்றை விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. சரி, டப்பா வேண்டாம் என்று வீட்டில் சத்துமாவு அரைக்கப் போனால், அங்கே வேறு போட்டி: இருபது தானியம், முப்பது தானியம். கைக்குழந்தைக்கு ஒரே நாளில் அத்தனையும் கொடுத்து உடம்பில் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒவ்வொன்றாகச் சேருங்கள், ராகியே தொடங்குவதற்குப் போதும். ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில் தடவக் கூடாது, பாட்டி சொன்னாலும் கூடாது. நாலைந்து வயதுவரை முழு வேர்க்கடலை கையில் கொடுக்காதீர்கள், பொடித்துக் கொடுங்கள். பால் நல்லதுதான், ஆனால் அரை லிட்டருக்கு மேல் குடித்துவிட்டு வயிறு நிறைந்து சோறு, பருப்பு, கீரையை ஒதுக்கும் பிள்ளைக்கு இரும்புச்சத்து குறையும்.

இனிமேல்தான் பெரிய செலவு வருகிறது. 'மாண்டிசோரி கிட்' என்று எழுதிய பெட்டியில் மரத்தட்டு, மரக் கிண்ணம், நாலு மர முட்டை, இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய். இதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், ஏனென்றால் இந்தக் கல்வி முறையை உருவாக்கிய இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி 1907இல் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரில் கூலித் தொழிலாளர்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில். அம்மா அப்பா வேலைக்குப் போய்விட, மாடிப்படியில் திரிந்துகொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். அந்த முறையில் கை கழுவுவது, துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது மாதிரி வீட்டு வேலைகளுக்கே பெரிய இடம் உண்டு. அதே அம்மையார் 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது, நடுவில் கொஞ்ச காலம் கொடைக்கானலிலும் இருந்தார். நம் ஊரில் இருந்து சொல்லிக்கொடுத்த விஷயத்தை நாம் பார்சலில் வரவழைக்கிறோம்.

எவர்சில்வர் டம்ளர் இரண்டு, ஒரு தாம்பாளம், கொஞ்சம் தண்ணீர். சிந்தாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றச் சொல்லுங்கள். அதற்கு மேல் என்ன கிட்?

தை மாதம் மொச்சை மலிவாக வரும்போது கால் கிலோவை முறத்தில் கொட்டி மூன்று வயதுப் பிள்ளை முன்னால் வையுங்கள். முதலில் காயை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது, நடுவில் பிய்க்கும், பல்லால் கடிக்கும். நாலைந்து காய் போனதும் நுனியைக் கிள்ளி நாரோடு இழுத்தால் தானாகப் பிளந்துகொள்ளும் என்பது விரலுக்குப் பிடிபட்டுவிடும். உள்ளே இரண்டா, மூன்றா, நாலா என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறக்கிற ஆசை வேறு. நடுவில் ஒரு புழு நெளிந்தால் ஒரு அலறல், அப்புறம் அரை மணி நேரம் புழுவைப் பற்றியே பேச்சு. பென்சில் பிடிக்க வேண்டிய அதே விரல்கள்தான் இங்கே வேலை செய்கின்றன. ஒன்று, பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது அது.

ஆனால் இதையே பாடமாக்கிக் கெடுத்துவிடுகிறவர்களும் உண்டு. பிள்ளை உரித்துக்கொண்டிருக்கும்போதே "இது என்ன கலர்? எத்தனை இருக்கு? இங்கிலீஷ்ல சொல்லு" என்று கேள்வி மேல் கேள்வி. இரண்டே நிமிஷத்தில் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடும். பரீட்சை வைக்காதீர்கள், பேசுங்கள். "நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, நீ போடு, நான் எண்ணறேன்" என்றால் போதும், சில வாரங்களில் நீங்கள் மறந்தாலும் அது ஞாபகப்படுத்தும். காலை ஏழரை மணிக்கு, டிபன் பாக்ஸ் கட்டும் அவசரத்தில் மட்டும் இந்தப் பாடத்தை ஆரம்பிக்காதீர்கள், பிள்ளைக்கு அடி விழும். மத்தியானம் வையுங்கள். அந்தப் புளியங்கொட்டை இப்போதுதான் வேலைக்கு வரும்: பல்லாங்குழிப் பலகை இல்லாவிட்டால் தரையில் பதினாலு வட்டம் சாக்பீஸால் போட்டு, குழிக்கு ஐந்தாக வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஆட்ட விதியெல்லாம் அப்புறம்.

எழுத்து விஷயத்தில் அவசரம்தான் முக்கியத் தவறு. மூன்று வயதில் நாலு கோடு நோட்டு வாங்கிக் கொடுத்து, பிள்ளையின் கையைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோம். அ, இ இரண்டும் சுழியும் வளைவுமாக இருக்கிற எழுத்துகள், பழகாத கைக்குக் கஷ்டம். ட, ப, ம மாதிரி நேர்கோட்டில் வருகிற எழுத்துகளில் ஆரம்பித்தால் 'படம்', 'பட்டம்' என்று சீக்கிரமே வார்த்தை கிடைத்துவிடும். அதற்கும் முன்னால் கோலமாவில், மணலில், ஈரத் தரையில் விரலால் கோடு இழுக்கட்டும். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிப்பதற்கும் படிப்பதற்கும் சம்பந்தம் குறைவு. தன் பெயரில் இருக்கிற எழுத்தைக் கடைப் பலகையில் கண்டுபிடித்து "அம்மா, என் எழுத்து" என்று கத்துகிற பிள்ளை படிக்க ஆரம்பித்துவிட்டது.

"ஹேண்ட் வாஷ் பண்ணு, பனானா ஈட் பண்ணு" என்று பேசினால் இங்கிலீஷ் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். நமக்கு எந்த மொழியில் சரளமாகக் கோபப்படவும் கதை விடவும் முடியுமோ அதில்தான் பிள்ளைக்கு நிறைய வார்த்தை கிடைக்கும். வெண்டைக்காய் நறுக்கும்போது "பச்சைப் பெட்டிக்குள்ள வெள்ளை முத்து, அது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். போனைக் காட்டிச் சோறு ஊட்டுவது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன வழிகாட்டுதல். அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் குளிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்.

எல்லாவற்றையும் தனியாகவே செய்ய வேண்டும் என்று நினைப்பதும் தவறுதான். தெருமுனை அங்கன்வாடியை 'நமக்கில்லை' என்று கடந்து போகிறோம். 1975இல் தொடங்கிய திட்டம் அது. இங்கே இரண்டு வயதிலிருந்தே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள், 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பாடத்திட்டமே இருக்கிறது. எல்லா மையமும் ஒரே மாதிரி இருக்காது, நேரில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு, மற்ற ஊர்களில் கிளை நூலகம் இருக்கிறது. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, நீங்கள் படித்துக் காட்டலாம்.

கடைசியாகக் காசு. குழந்தை பிறந்ததும் அதன் பெயரில் ஒரு பாலிசி போட்டுவிடுகிறோம், சம்பாதிக்கிற ஒரே ஆளுக்கு ஒன்றும் இருப்பதில்லை. ஒரு சம்பள வீட்டில் இதைத் தலைகீழாக்குங்கள்: முதலில் சம்பாதிப்பவர் பெயரில் டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது அவர் இறந்துவிட்டால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு. அதற்கு இப்போதைக்குக் கையில் காசு இல்லையென்றால் வருஷத்துக்கு 436 ரூபாயில் இரண்டு லட்சம் கிடைக்கும் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம் 18 முதல் 50 வயதுவரை எந்த வங்கிக் கணக்கிலும் சேரலாம். அப்புறம் வீட்டில் இருப்பவர் மிச்சம் பிடித்ததை அரிசி டப்பாவிலோ, பதிவு செய்யாத தீபாவளிச் சீட்டிலோ போடாமல் தன் பெயரில் உள்ள கணக்கில் போட வேண்டும். கணவரின் கணக்கில் நாமினி யார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய கணக்காக இருந்தால் இன்னமும் மாமியார் பெயர்தான் இருக்கும்.