பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தும் தாமதமாவது ஏன்? கிராமங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் சமவெளிப் பகுதிகளில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. பல ஊர்களிலிருந்து டூவீலரில் போய்விடும் தூரம்தான். ஆனாலும் நோயாளி தாமதமாகத்தான் வந்து சேர்கிறார். டாக்டர் பணியிடம் காலியாக இருப்பது, கடைசி பஸ் போய்விடுவது எல்லாம் உண்மைதான். அதற்கு முன்பே, "இது ஒண்ணுமில்ல, காலையில பாத்துக்கலாம்" என்ற பேச்சில் பாதி நேரம் வீட்டிலேயே போய்விடுகிறது.

நெஞ்சுவலியையே எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில் நடுநெஞ்சில் பாறாங்கல்லை வைத்தது போல அழுத்தம், உடம்பெல்லாம் வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி. வீட்டில் முதலில் வருவது சோடா, அடுத்து பெருங்காயம், அதற்கடுத்து ஓமவாட்டர். ஒரு ஏப்பம் வந்துவிட்டால் வாயு என்று முடிவாகிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல், மூச்சுவாங்கலும் அசதியும் குமட்டலுமாக மட்டும் மாரடைப்பு வரலாம் என்பதால் அவர்கள் இன்னும் தாமதமாகிறார்கள்.

வாயு இல்லை என்று புரிந்த பிறகும் ஒரு தவறு நடக்கிறது. கார் பிடித்து, வழியில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டி, ஒன்றரை மணி நேரத் தூரத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே ஓட்டுவார்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, ஆக மொத்தம் 14. ரத்தம் மேலும் உறைந்து குழாயை அடைக்காமல் தடுப்பதுதான் இவற்றில் முதல் இரண்டின் வேலை. அங்கே முதல் மருந்தை வாங்கிக்கொண்டு 108-ல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதே சரியான வரிசை. இதைப் படித்துவிட்டு இந்த மாத்திரைகளை வீட்டில் வாங்கி வைத்து நீங்களாகவே போட்டுக்கொள்ள வேண்டாம். வயிற்றுப்புண்ணோ மூளையில் ரத்தக்கசிவோ இருந்தால் அதுவே ஆபத்து.

பாம்புக்கடியில் செய்யும் தவறுகளை எழுத ஒரு நோட்டு போதாது. கடித்த இடத்துக்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, வேர் அரைத்துக் கொடுப்பது என எதனாலும் விஷம் இறங்காது. இறுக்கிக் கட்டிய கால், ரத்த ஓட்டம் நின்று அழுகிப்போகலாம். எலும்பு முறிந்த காலை வைப்பது போல் அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போனால் போதும்.

பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோவதும் வேண்டாத வேலை. அடிக்கப் போனவரே கடிபட்டு வருவது உண்டு. நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாரானது. டாக்டர் பார்ப்பது பாம்பை அல்ல, உங்கள் உடம்பை. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தால் உறைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்; உறையாவிட்டால் விஷம் ரத்தத்தைப் பாதித்திருக்கிறது என்று அர்த்தம். (இந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக்கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். 1978-ல் தொடங்கிய சங்கம் இது.)

கட்டு விரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தரையில் படுத்துத் தூங்குபவரை ராத்திரியில் கடிக்கும். வலிக்காது, வீங்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, கண் இமையைத் தூக்க முடியாத நிலை. இதையும் "ஏதோ சாப்பிட்டது சேரல" என்று விட்டுவிடுகிறார்கள். இமை தொங்கினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. அடுத்தது மூச்சு நிற்பதுதான்.

நாய்க்கடியில் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் காபித்தூளும் இன்னும் ஒழியவில்லை. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். முதல் நாள் போட்ட பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் மறுபடி போட வேண்டும். காயம் ஆறியதும் நின்றுவிடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை.

காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் "ரெண்டு வேளைக்கு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கத்துக்கு வருவோம். புதர்க்காடு, வயல்வரப்பு, ஆடு மேய்க்கும் இடங்களிலிருந்து வரும் உண்ணிக் காய்ச்சல் இதற்கு அடங்காது. அதற்கு வேண்டியது டாக்ஸிசைக்ளின் போன்ற குறிப்பிட்ட மருந்து. விலை குறைவுதான், சீக்கிரம் கேட்கும். தாமதமானால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். உண்ணி கடித்த இடத்தில், சிகரெட் சுட்டது போன்ற ஒரு கறுப்புத் தழும்பு அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்புக்குக் கீழோ இருக்கலாம். வலிக்காததால் பலருக்கு அது இருப்பதே தெரியாது, தெரிந்தவர்கள் கூச்சத்தில் காட்டுவதில்லை. காட்டுங்கள், நோயைக் கண்டுபிடிக்க அதுவே பெரிய தடயம்.

பி.பி., சர்க்கரை மாத்திரைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை வாசலுக்கு வந்துவிடுகிறது என்பதற்காகப் பரிசோதனைக்குப் போவதை நிறுத்துவது ஒரு தவறு. அளவு நார்மல் ஆனதும் மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. மாத்திரை போடுவதால்தான் அது நார்மலாக இருக்கிறது.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை நோய் வந்த பிறகு தேடுவார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும். தனியார் ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். சாலை விபத்துக்கு இந்த அட்டையே தேவையில்லை. 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை, நிர்ணயித்த வரம்புவரை அரசே ஏற்கிறது.

மலைக்கிராமத்துக் கர்ப்பிணிகளுக்கு மட்டும் வேறு கணக்கு. டோலி கட்டித்தான் இறங்க வேண்டிய ஊரில் வலி வந்த பிறகு 108-ஐக் கூப்பிடுவது பயன்படாது. சில மலையடிவார சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்க அறை உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு, குறித்த தேதிக்கு ஓரிரு வாரம் முன்பே இறங்கிவிடுங்கள்.