துப்பாக்கி உறையை மாற்றும் முன் பெல்ட்டைப் பாருங்கள்

போன சனிக்கிழமை, ஹூஸ்டனுக்கு வெளியே நான் வழக்கமாகப் போகும் சுடுதளத்தில் புதியவர்களுக்கான வகுப்பு நடந்தது. நான் அங்கே எடுபிடி மாதிரி. இலக்குத் தாளை மாட்டுவேன், கை நடுங்குபவர்கள் பக்கத்தில் நிற்பேன். வந்தவர்களில் ஒரு தம்பி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேண்ட்டை மேலே இழுத்துக்கொண்டே இருந்தார். இடைவேளையில் என்னிடம் வந்து, "அண்ணா, இந்த ஹோல்ஸ்டர் ரொம்பக் குத்துது. இது மூணாவது. அடுத்து எதை வாங்கலாம்?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு ஒன்பது ஹோல்ஸ்டர், அதாவது இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறை, வாங்கினேனே, அந்த நாட்களை நினைத்து.

டெக்ஸாஸில் சரக்கு வண்டி உதிரிபாகக் கடை நடத்துகிறேன். இரவு பத்து மணிக்குப் பணத்தை எண்ணிப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறவன். அதனால் தினமும் துப்பாக்கி இடுப்பில் இருக்கும். நாள் முழுக்க குனிவது, பெட்டி தூக்குவது, ஸ்டூலில் உட்காருவது எல்லாம் அதோடுதான். துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டுமா என்ற விவாதம் இங்கே வேண்டாம். வைப்பதென்று முடிவு செய்தவர்களுக்கு மட்டும் இது.

அதற்கும் முன்னால் ஒன்று. மாணவர் விசாவிலோ ஹெச்-1பி விசாவிலோ இருக்கும் நம்மவர்கள் சிலர், "டெக்ஸாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் துப்பாக்கியோடு நடமாட உரிமமே வேண்டாமாமே" என்று கேட்கிறார்கள். அது மாநிலச் சட்டம். இத்தகைய விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதையே அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. வழக்கறிஞரைக் கேட்காமல் துப்பாக்கிக் கடைக்குள் நுழையாதீர்கள்.

இனி, உறை விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள், ஒவ்வொன்றாக.

எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கும் துணி உறை

வேண்டாம்.

டிரிகரை முழுதாக மூடாத, துப்பாக்கியை எடுத்ததும் வாய் சுருங்கிவிடும் எதுவும் உறையே அல்ல. வெறும் பை.

பெல்ட்டைக் கணக்கில் எடுக்காதது

இதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

க்ளாக் 19 துப்பாக்கியில் 15 தோட்டாக்களை நிரப்பினால் சுமார் 850 கிராம். கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த உறையும் கிளிப்பும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டை இடுப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் செருகிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நடமாடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையைத் தாங்குவது உறை இல்லை, பெல்ட். உறை பெல்ட்டைப் பிடித்துத் தொங்குகிறது, அவ்வளவுதான்.

நான் கட்டியிருந்தது, கல்யாணத்துக்குப் போட ஒரு பெரிய கடையில் வாங்கிய பெல்ட். ஒன்றேகால் அங்குல அகலம். பார்க்கத் தோல், உள்ளே என்ன அடைத்திருந்தார்களோ தெரியாது. எடை இழுக்க இழுக்க அதன் மேல் விளிம்பு வெளிப்பக்கமாக மடிந்தது. அது மடிந்ததும் துப்பாக்கியின் பிடி உடம்பை விட்டு விலகிச் சாய்ந்து, சட்டைக்கு மேலே முட்டிக்கொண்டு தெரிந்தது. நான் என்ன செய்தேன்? பெல்ட்டை இன்னொரு துளை இறுக்கினேன். இறுக்கியதும் உறையின் ஓரம் இடுப்பு எலும்பில் பதிந்தது. மதியத்துக்குள் தோல் சிவந்துவிடும், சாயங்காலம் நொண்டி நொண்டி நடப்பேன். ராத்திரி வீட்டுக்கு வந்ததும், "இந்த உறை சரியில்லை" என்று அடுத்ததைத் தேட உட்கார்ந்துவிடுவேன்.

தோல் உறை வாங்கினேன். பின்பக்கம் தோலும் முன்பக்கம் கைடெக்ஸுமாக ஒன்று. அகலமாக ஒன்று, குறுகலாக ஒன்று. ஒவ்வொன்றும் முதல் இரண்டு நாள் சொர்க்கம், மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே வலி. இரண்டு வருடம், ஒன்பது உறை, 500 டாலருக்கு மேல். கடை அலமாரியில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய உறைகள். என் மனைவி அதற்கு "உன் செருப்பு ஸ்டாண்ட்" என்று பெயரே வைத்துவிட்டாள்.

கடைசியில், சுடுதளத்தில் ஒரு வயதான மனிதர் என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். உறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெல்ட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் துணி மாதிரி முறுக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் 70 டாலருக்கு ஒரு பெல்ட் வாங்கினேன். ஒதுக்கிப் போட்டிருந்த இரண்டாவது உறையை எடுத்து அதில் மாட்டினேன். இன்றுவரை அதுதான்.

சரி, பெல்ட்டில் என்ன பார்க்க வேண்டும்? ஒன்றரை அங்குல அகலம். இரண்டு தோலை ஒட்டித் தைத்ததோ, உள்ளே பாலிமர் பட்டை வைத்த நைலானோ, எதுவானாலும் சரி. இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். கந்தல் மாதிரி முறுக்கிக்கொண்டால் கீழே வைத்துவிடுங்கள். ஆனால் தகடு மாதிரி விறைப்பும் வேண்டாம். குறிப்பாகத் தொப்புளுக்குக் கீழே முன்பக்கம் வைப்பவர்களுக்கு ரொம்ப விறைத்த பெல்ட் வயிற்றைச் சுற்றி வளையாது, இடைவெளி விடும்.

அடுத்தது துளை. சாதாரண பெல்ட்டில் துளைக்குத் துளை ஒரு அங்குலம். ஒன்றில் தளர்வு, அடுத்ததில் மூச்சு முட்டும். கால் அங்குலம் கால் அங்குலமாக நகரும் பக்கிளோ வெல்க்ரோவோ இருந்தால், காலையில் ஒரு இறுக்கம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு இறுக்கம் என்று மாற்றிக்கொள்ளலாம். வயிறு நாளெல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை, எனக்காவது இருப்பதில்லை.

உறையின் கிளிப்பும் பெல்ட்டும் ஒரே அகலத்துக்குச் செய்ததா என்றும் பாருங்கள். ஒன்றரை அங்குலக் கிளிப்பை ஒன்றேகால் அங்குல பெல்ட்டில் மாட்டினால் அது மேலும் கீழும் ஆடும். ஆடுவது உரசும், உரசுவது புண்ணாகும். பேண்ட்டுக்கு உள்ளே வைக்கும் உறை என்றால், பேண்ட் இடுப்பளவும் ஒன்று இரண்டு அங்குலம் பெரிதாக வேண்டும். பழைய பேண்ட்டிலேயே திணித்துவிட்டுக் குத்துகிறது என்றால் எப்படி?

அந்தத் தம்பியின் பெல்ட்டையும் முறுக்கிக் காட்டினேன். "அப்போ எந்த ஹோல்ஸ்டர் வாங்கட்டும்?" என்றார். மறுபடியும்.

கண்ணாடி முன்னால் நின்றபடி முடிவெடுப்பது

நிற்கும்போது எல்லா உறையும் சௌகரியம்தான். உட்கார்ந்தால்தான் தெரியும். துப்பாக்கியைக் காலியாக்கி, இரண்டு முறை சரிபார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, உறையை மாட்டிக்கொண்டு வீட்டில் ஒரு வாரம் புழங்குங்கள். ஷூ லேஸ் கட்டுங்கள். சோபாவில் சாய்ந்து எழுந்திருங்கள். கார் சீட்டில் அரை மணி நேரம் உட்காருங்கள்.

தொப்புளைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டால், வலது இடுப்பில் நான்கு மணி இருக்கும் இடத்தில் வைத்தால், நடக்கச் சுகம், கார் சீட்டு முதுகில் அழுத்தும். முன்பக்கம் வைத்தால் காரில் எடுப்பது சுலபம், தொப்பை இருந்தால் குனியும்போது பிடி விலாவுக்குக் கீழே இடிக்கும். உறையை அரை அங்குலம் உயர்த்தினாலோ, சற்றுச் சாய்த்தாலோ பாதி வலி போய்விடும். அதற்குத்தான் திருகுகள் இருக்கின்றன. கடையில் வந்த நிலையிலேயே விட்டுவிட்டு ஆறு மாதம் வலியைப் பொறுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உறையின் அடிப்பகுதிக்கும் உடம்புக்கும் நடுவில் வைக்கும் வெட்ஜ் என்ற ஃபோம் துண்டு, குழலின் முனையை வெளியே தள்ளிப் பிடியை உள்ளே சாய்க்கும். முனை தொடையிடுக்கில் அழுத்துவதும் குறையும். நான் பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி வெல்க்ரோவில் ஒட்டியிருக்கிறேன். நன்றாகவே வேலை செய்கிறது.

நடு முதுகில் வைப்பது

வழுக்கி விழுந்தால் முதுகெலும்புக்கு அடியில் இரும்பு. அவ்வளவுதான் சொல்வேன்.

சின்னது என்றால் சுகம் என்று நினைப்பது

சிக் பி365 மாதிரிச் சின்னத் துப்பாக்கியின் குழல் 3.1 அங்குலம். க்ளாக் 19க்கு 4 அங்குலம். சின்னதற்குச் சின்ன உறை என்று வாங்குகிறார்கள். பெல்ட்டுக்குக் கீழே உறையின் நீளம் குறைவு, மேலே தோட்டா நிரம்பிய பிடியின் கனம். சும்மா இருக்குமா? தலை கனத்த பம்பரம் மாதிரி வெளியே சாய்கிறது. கீழே கொஞ்சம் நீளமான உறை உடம்போடு ஒட்டி நின்று மேல் பாகத்தையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். சின்னத் துப்பாக்கிக்கே ஒரு அங்குலம் நீளமாகச் செய்த உறைகள் கிடைக்கின்றன. முன்பக்கம் வைப்பவர்கள் அதை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

வலிக்கும்போது கழற்றிக் காரில் வைப்பது

உறை குத்துவதால் வரும் உண்மையான ஆபத்து இங்கேதான். கடைக்குப் போகும்போது கழற்றுகிறோம், வந்ததும் மாட்டுகிறோம். துப்பாக்கியைத் தொடுவது எத்தனை முறையோ அத்தனை முறை தவறு நடக்க வாய்ப்பு. காருக்குள் விட்டுப்போனால் கண்ணாடியை உடைப்பவனுக்கு அது போனஸ். மறைத்துத் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று அறிவிக்கும் 30.06 பலகையை வாசலில் மாட்டிய இடம் மாதிரி, கழற்றியே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. அப்போது துப்பாக்கியை உறையிலிருந்து உருவாதீர்கள். உறையோடு சேர்த்துக் கழற்றிப் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். திரும்ப மாட்டும்போதும் உறையோடுதான்.

துப்பாக்கியை மட்டும் உறைக்குள் விடும் சமயத்தில் அவசரமே வேண்டாம். சட்டை நுனி, ஜாக்கெட் கயிறு டிரிகர் பக்கம் போய்விடும். துணியை நன்றாக விலக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக. தோல் உறை பழசாகி வாய் தளர்ந்து உள்ளே மடிந்தால், அந்த மடிப்பே டிரிகரை அழுத்தலாம். அன்றைக்கே அதைத் தூக்கிப் போடுங்கள், ஆசை வைக்காதீர்கள்.

ஆகஸ்ட் மாத ஹூஸ்டனில் உறையை வெறும் தோலில் உரச விடுவது

உள்ளே ஒரு பனியன் போடுங்கள்.