மார்கழி முயலுக்குக் குளிர் பகையல்ல, ஈரம்தான்

மார்கழி பிறந்ததும் கடலூரில் மஃப்ளரைத் தேடுகிறவர்கள், அதே கையோடு முயல் கூண்டையும் போர்த்தக் கிளம்பிவிடுகிறோம். நம் ஊரில் ஜனவரி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். முயலுக்கு அது சுகமான பருவம். அதை வாட்டுவது சித்திரை வெயில். ஐப்பசி முதல் தைவரை பயப்பட வேண்டியது சாரலுக்கும் ஈரத்துக்கும்.

முதல் வருஷம் நானும் கூண்டைச் சுற்றி நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டினேன். மூன்றாம் நாள் பிரித்தால் மூத்திர நெடியில் கண் எரிந்தது. முயல் தும்மிக்கொண்டிருந்தது, மூக்கைத் துடைத்துத் துடைத்து முன்னங்கால் ரோமம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. சளி என்று நினைத்து இன்னும் இறுக்கிக் கட்டினேன், பாருங்கள்! மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா மூக்கின் உள்தோலைப் புண்ணாக்கும். ஏற்கெனவே அங்கே ஒண்டியிருக்கும் பாஸ்டுரெல்லா கிருமிக்கு அது போதும். வாடைக்காற்று அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தை மறையுங்கள், எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். நனைந்த வைக்கோலை அன்றன்றே மாற்றிவிடுங்கள்; ஈரத்திலேயே நின்றால் பாதமும் புண்ணாகும்.

கூண்டுக்குள் குண்டு பல்பு தொங்கவிடுவது கோழிக்குஞ்சுக்குச் சரி. முயல் ஒயரைக் கடிக்கும். சாம்பிராணிப் புகையும் கொசுவத்தியும் வேண்டாம், குளிப்பாட்டவே வேண்டாம்.

தீனி விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அறுத்த புல்லை ஈரத்தோடு குவித்து வைத்தால் ஒரே ராத்திரியில் சூடேறிவிடும், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். அதைத் தின்றால் வயிறு கெடும். உதறி, நிழலில் பரப்பி உலர்த்திப் போடுங்கள். மழைக்கு முன்பே காய்ந்த புல்லைச் சேர்த்து வைப்பது இன்னும் நல்லது.

அப்புறம் புயல். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரித் தெருக்களையே குளமாக்கியது. எச்சரிக்கை வந்த அன்றே முயலை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். காற்று ஆரம்பித்த பிறகு கூண்டைத் தூக்குவது நடக்காத காரியம்.

நனைந்துவிட்டால் துண்டால் ஒற்றி, அடிரோமம்வரை காய வைக்க வேண்டும். காது சில்லிட்டு, 12 மணி நேரமாகத் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப்பை ஊற்றிப் பார்க்கவும் வேண்டாம். முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து ஆளையே முடித்துவிடும். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்றவர்கள், முயலுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் யார் என்று மழைக்கு முன்பே விசாரித்து வையுங்கள். நாய், மாடு பார்க்கிற எல்லோரும் முயல் பார்ப்பதில்லை.